எத்தனை பேரில் எத்தனை பேர்?
கல்லூரி நிறுவன ஆய்வாளர்களின் மாநாடும் நமது கேள்விகளும்



பாபாசாகேப் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் இந்தப் பேருரையில் கவிதையைப் பற்றியோ தன்வரலாற்றைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இந்த முறை கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் ஒரு கோப்பைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். இலக்கிய மேடைக்கு இது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் இலக்கியத்தில் பள்ளியை, கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவர்களின் கதை திரும்பத் திரும்ப வருகிறது. கல்லூரிக் கோப்பில் அதே ஆள் ஓர் எண்ணாக இருக்கிறார், அல்லது எண்ணாகக்கூட இல்லாமல் போகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. யாருக்கு எந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது என்று ஊரே நின்று படிக்கிறது. மூன்றாண்டு கழித்து, சேர்ந்தவர்களில் யார் யார் பாதியில் போனார்கள் என்ற பட்டியலை எங்காவது பார்த்திருக்கிறோமா? அப்படியொரு பட்டியலைத் தயாரிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் உலகின் சில நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கமும் ஆண்டு மாநாடும் உண்டு. அந்த மாநாட்டில் என்ன பேசப்படுகிறது, அதில் நாம் கற்க வேண்டியது என்ன, அஞ்ச வேண்டியது என்ன என்பதே இந்த உரையின் பொருள்.

நிறுவன ஆய்வாளர் என்பவர் யார்?

அமெரிக்கக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 'இன்ஸ்டிடியூஷனல் ரிசர்ச்' என்றொரு அலுவலகம் இருக்கும். தமிழில் நிறுவன ஆய்வு எனலாம். ஒரு கல்லூரி தன்னைத்தானே ஆராய்ந்து கொள்வதற்கான அலுவலகம் அது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், முதலாண்டு முடிந்து இரண்டாம் ஆண்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பாடத்தில் அதிகம் பேர் தோற்கிறார்கள், யார் எந்த ஆண்டில் பட்டம் பெற்றார்கள் என்பதையெல்லாம் இவர்கள் தொகுக்கிறார்கள். அரசு கேட்கும் படிவங்களை நிரப்புவதும் இவர்கள் வேலைதான். பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கு ஒரு குழுவே இருக்கும். சிறிய கல்லூரிகளில் ஒருவரோ இருவரோ எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

1960களின் தொடக்கத்தில் இந்த வேலை செய்பவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடிப் பேசத் தொடங்கினார்கள். அதே பத்தாண்டின் நடுவில் அது 'அசோசியேஷன் ஃபார் இன்ஸ்டிடியூஷனல் ரிசர்ச்' என்ற சங்கமாக உருவெடுத்தது. அதன் அலுவலகம் புளோரிடா மாநிலத்தின் தலாஹாசியில் இருக்கிறது. அதன் ஆண்டு மாநாட்டுக்கு 'ஃபோரம்' என்று பெயர். ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இதே தொழிலுக்கான சங்கங்கள் பின்னாளில் தோன்றின.

மாநாடு என்றதும் கொடி, மேடை, முழக்கம் என்று நமக்குத் தோன்றும். இது அப்படிப்பட்டதல்ல. அரசுப் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்புவது எப்படி என்று ஒரு பயிற்சி வகுப்பு நடக்கும். மாணவரிடம் கருத்துக் கேட்கும் வினாத்தாளை அமைப்பது பற்றி இன்னோர் அறையில் பேசுவார்கள். தங்கள் கல்லூரியில் இடைநிற்றல் ஏன் கூடியது என்று ஒருவர் வரைபடம் காட்டுவார். வெளியே கூடத்தில் மென்பொருள் நிறுவனங்கள் ஸ்டால் போட்டிருக்கும். பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் காரியங்கள்தான். ஆனால் ஒரு மாணவரை 'படித்து முடித்தவர்' என்று எப்போது சொல்லலாம், யாரைக் கணக்கில் சேர்க்கலாம், யாரை விடலாம் என்ற வரையறைகள் அந்த அறைகளில்தான் அலசப்படுகின்றன. அந்த வரையறைகளின் கீழ் வாழப்போகிற மாணவர்கள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

ஒரு வரையறை என்ன செய்யும்?

அமெரிக்க நாடாளுமன்றம் 1990இல் மாணவரின் அறியும் உரிமைக்கான சட்டம் ஒன்றை இயற்றியது. அரசு நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதை வெளியிட வேண்டும் என்றது. நான்காண்டுப் படிப்பு என்றால் ஆறாண்டுக்குள் முடித்தவர்களை எண்ண வேண்டும்.  நல்ல சட்டம்தான்.

ஆனால் யாரை எண்ணுவது என்பதில் ஒரு நிபந்தனை இருந்தது. முதன்முறையாகக் கல்லூரிக்கு வருபவராக இருக்க வேண்டும், முழுநேர மாணவராகவும் இருக்க வேண்டும். பகலில் வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிப்பவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். வேறு கல்லூரியில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்தவரும் வரமாட்டார். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் பகுதிநேர மாணவர்களே பெரும்பான்மை. அந்தக் கல்லூரிகளின் வெற்றியும் தோல்வியும் நாட்டின் கணக்கில் சரியாகத் தெரியாமலே பல ஆண்டுகள் ஓடின. நிறுவன ஆய்வாளர்கள் மாநாடுகளிலும் வெளியிலும் இந்தக் குறையைத் தொடர்ந்து பேசினார்கள். 2015-16 கல்வியாண்டிலிருந்து பகுதிநேர மாணவரையும் இடம்மாறி வந்தவரையும் சேர்த்து எண்ணும் புதிய பகுதி அரசுப் படிவத்தில் இணைக்கப்பட்டது. ஒரு நிபந்தனையை மாற்றக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இதை நம் ஊர்க் கல்லூரிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இனி வருவது விளக்கத்துக்காக நாம் போடும் கற்பனைக் கணக்கு. ஒரு துறையில் 60 பேர் சேர்கிறார்கள். அவர்களில் 12 பேர் பட்டியல் சாதி மாணவர்கள். மூன்றாம் ஆண்டு இறுதித் தேர்வை 40 பேர் எழுதி, 36 பேர் தேர்ச்சி பெறுகிறார்கள். கல்லூரி வாசலில் '90 விழுக்காடு தேர்ச்சி' என்று பேனர் கட்டுகிறார்கள். அது பொய்யல்ல. 40 பேரில் 36 பேர் என்றால் 90 விழுக்காடுதான். ஆனால் சேர்ந்த 60 பேரில் 36 பேர் என்றால் 60 விழுக்காடு. மீதி 20 பேர் தேர்வு அறைக்கே வரவில்லை. பேனரில் அவர்களுக்கு இடமில்லை.

இப்போது பிரித்துப் பார்ப்போம். 12 பட்டியல் சாதி மாணவர்களில் 6 பேர் தேர்வு எழுதி 5 பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்று கொள்வோம். எழுதியவர்களை வைத்துக் கணக்கிட்டால் 83 விழுக்காடு. மற்ற 48 பேரில் 34 பேர் எழுதி 31 பேர் தேர்ச்சி, அதாவது 91 விழுக்காடு. இடைவெளி வெறும் 8 புள்ளி. 'எங்கள் கல்லூரியில் பாகுபாடு இல்லை, பாருங்கள்' என்று முதல்வர் சொல்ல முடியும். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் நம்மவர் 12இல் 5 பேர், 42 விழுக்காடு. மற்றவர் 48இல் 31 பேர், 65 விழுக்காடு. இடைவெளி 23 புள்ளி. அதே கல்லூரி, அதே மாணவர்கள், அதே ஆண்டு. எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது மட்டுமே மாறியது.

நிறுவன ஆய்வுத் தொழிலின் அடிப்படைப் பாடம் இதுதான். எந்த விழுக்காட்டைக் கேட்டாலும் 'எத்தனை பேரில்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். நம் செயல்பாட்டாளர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைப் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

கணக்கின் இரு முகம்

கணக்கு எடுத்துவிட்டால் நீதி தானாக வந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அமெரிக்காவிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம்.

அட்லாண்டா நகரில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மாணவர்களும் ஏழைக் குடும்பத்து மாணவர்களும் பெருமளவில் படிக்கும் இடம். 2003இல் அங்கே 100 பேர் சேர்ந்தால் 32 பேர்தான் ஆறாண்டுக்குள் பட்டம் பெற்றார்கள். நிர்வாகம் தன் தரவுகளைத் தோண்டிப் பார்த்தது. கட்டணத்தில் சிறு தொகை பாக்கி இருந்ததற்காகவே ஒவ்வொரு பருவத்திலும் ஏராளமானோரின் பதிவு நீக்கப்படுவது தெரிந்தது. பட்டத்துக்கு ஒன்றிரண்டு பருவமே மீதமிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2011இல் அந்தப் பாக்கியை அடைக்கச் சிறு நல்கை கொடுக்கத் தொடங்கினார்கள். மாணவர் விண்ணப்பிக்கக்கூட வேண்டாம், கணக்கைப் பார்த்து அலுவலகமே தொகையைச் சேர்த்துவிடும். வழிகாட்டும் ஆலோசகர்களின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பட்டம் பெறுவோர் பாதிக்கு மேல் உயர்ந்தனர். கறுப்பின மாணவர் பட்டம் பெறும் விகிதம் மற்றவர்களுக்குக் குறையாத நிலைக்கு வந்தது. குறை மாணவரின் அறிவில் இல்லை, அலுவலக நடைமுறையில் இருந்தது என்பதைக் கணக்கு காட்டிக் கொடுத்தது.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வருமா, எப்போது வரும் என்று காத்திருந்து கடைசியில் கல்லூரியை விட்டுப் போனவர்களை நாம் எல்லோரும் அறிவோம். 'படிப்பில் நாட்டமில்லை' என்று அவர்கள் பெயருக்கு எதிரே எழுதிவிடுவது எளிது. உதவித்தொகை வந்த தேதியையும் மாணவர் நின்றுபோன தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படி வைத்துப் பார்க்கும் வேலைக்குத்தான் நிறுவன ஆய்வு என்று பெயர்.

இரண்டாவது எடுத்துக்காட்டு மேரிலாந்து மாநிலத்தின் மவுண்ட் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகம். 2015இல் அங்கே புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. யார் படிப்பில் பின்தங்கக்கூடும் என்று கண்டறிந்து, அரசுக்குக் கணக்குக் கொடுக்கும் நாளுக்கு முன்பாக 20 முதல் 25 பேரை வெளியே அனுப்பிவிடலாம் என்பது பல்கலைக்கழகத் தலைவரின் திட்டம். கணக்கு நாளுக்கு முன்பே போய்விட்டால் அவர்கள் சேர்ந்தவர் பட்டியலிலேயே வரமாட்டார்கள், தக்கவைப்பு விகிதம் உயர்ந்துவிடும். பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். 2016 ஜனவரியில் மாணவர் பத்திரிகை இதை வெளியிட்டது. பேராசிரியர் இருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதும் நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. பிப்ரவரி முடிவதற்குள் தலைவர் பதவி விலகினார்.

முதல் பல்கலைக்கழகம் விழப்போகிறவரைப் பிடித்து நிறுத்தக் கணக்கெடுத்தது. இரண்டாவது, அவரை வாசலுக்கு வெளியே விடக் கணக்கெடுத்தது. இரண்டு இடத்திலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'யார் நின்றுபோகக்கூடும்?'

இன்று அந்தக் கேள்விக்கு விடை சொல்ல மென்பொருள் வந்துவிட்டது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் 'ஆபத்து மதிப்பெண்' கொடுக்கும் மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் விலைக்கு வாங்குகின்றன. தி மார்க்கப் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2021இல் இதை ஆராய்ந்தது. சில பெரிய பல்கலைக்கழகங்களில் அப்படிப்பட்ட மென்பொருள் மாணவரின் இனத்தையே ஒரு காரணியாக எடுத்துக்கொண்டு, கறுப்பின மாணவர்களை வெள்ளையரைவிட நான்கு மடங்கு வரை 'அதிக ஆபத்து' என்று குறித்ததை அது வெளிக்கொணர்ந்தது. சிவப்புக் குறியைப் பார்க்கும் ஆலோசகர், 'கணிதம் உனக்குக் கடினம், வேறு பாடம் எடு' என்று அந்த மாணவரிடம் சொன்னால் என்னவாகும்? 'உனக்கெல்லாம் சயின்ஸ் குரூப் எதற்கு' என்று கேட்ட ஆசிரியரை நாம் மறக்கவில்லை. நாளை அதே கேள்வியை ஒரு கணினித் திரை கேட்கலாம். நம் கல்லூரிகளுக்கும் இத்தகைய மென்பொருள் வரும்போது அதில் சாதி என்ற கட்டம் இருக்கிறதா, இருந்தால் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்க நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஒடுக்கப்பட்டோர் நடத்திய கணக்கு

கணக்கெடுப்பவர்களின் மாநாடு 1960களில்தான் தொடங்கியது என்று சொன்னோம். அதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே, தம்மைத் தாமே எண்ணிக்கொள்ள ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு மாநாட்டு மரபை நடத்தினார்கள். அதுவும் அதே அட்லாண்டா நகரில்தான்.

கறுப்பின மக்களுக்கான அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் 1890களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாநாடு நடந்தது. அதை வழிநடத்தியவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். ஒவ்வோர் ஆண்டும் கறுப்பின மக்களின் வாழ்வில் ஒரு பொருளை எடுத்துத் தரவு திரட்டி விவாதித்து, நூலாக வெளியிட்டார்கள். 1900ஆம் ஆண்டின் பொருள், கல்லூரிப் படிப்பு முடித்த கறுப்பினத்தவர். கறுப்பினத்தவருக்கு உயர்கல்வி வீண், கைத்தொழில் போதும் என்ற பேச்சு ஓங்கியிருந்த காலம் அது. பட்டதாரிகளுக்கு வினாத்தாள் அனுப்பி, அவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று திரட்டி அந்தப் பேச்சுக்கு விடை சொன்னார்கள். அதே 1900இல் பாரிஸ் கண்காட்சிக்காக டு பாய்ஸும் மாணவர்களும் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய புள்ளிவிவர வரைபடங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. கணினியும் மென்பொருளும் இல்லை. காகிதம், மை, அளவுகோல், கூடவே 'எங்களைப் பற்றிய கணக்கை நாங்களே போடுவோம்' என்ற உறுதி மட்டும் இருந்தது.

இந்த டு பாய்ஸுக்குத்தான் பாபாசாகேப் 1946இல் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பின மக்கள் கொடுத்த முறையீட்டின் படிகளைக் கேட்டு எழுதிய கடிதம் அது. டு பாய்ஸும் தோழமையோடு பதில் எழுதினார்.

பாபாசாகேப் கணக்கை எப்படிக் கையாண்டார் என்பதற்கு 1927 மார்ச் 12 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி நிதி குறித்து அவர் ஆற்றிய உரையைப் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் எத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள் என்று அரசு பெருமை பேசியது. அவர் அந்தச் சேர்க்கை எண்ணோடு நிற்கவில்லை. சேரும் 100 குழந்தைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள், மற்ற 82 பேர் மீண்டும் எழுத்தறியாதவர் ஆகிவிடுகிறார்கள் என்று எடுத்துக் காட்டினார். சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்து போய்க் கடைசியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எண்ணும் அதே முறை. அத்தோடு சமூக வாரியாகவும் பிரித்தார். அரசின் வகைப்பாட்டில் முன்னேறிய இந்துக்கள், முகமதியர், இடைநிலையோர், பிற்பட்டோர் என்று நான்கு பிரிவுகள் இருந்தன. கல்லூரிக் கல்வியில் 2 இலட்சம் மக்களுக்கு முன்னேறிய இந்துக்கள் 1,000 பேர், முகமதியர் 52 பேர், இடைநிலையோர் 14 பேர், பிற்பட்டோரில் ஏறக்குறைய யாருமே இல்லை. தீண்டப்படாதோர் அந்தக் கடைசிப் பிரிவில்தான் அடக்கம். மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்ததால்தான் அந்த 'யாருமே இல்லை' அவையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

நம் மண்ணிலும் அயோத்திதாசப் பண்டிதர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்று குரல் எழுப்பினார். கட்டத்துக்கு என்ன பெயர் என்பது அரசியல் என்று அவருக்கு அன்றே தெரிந்திருந்தது.

இன்று நம்மை யார் எண்ணுகிறார்கள்?

இந்தியாவில் தேசியத் தர மதிப்பீட்டு மன்றமான நாக் 1994இல் அமைந்தது. அதன் வழிகாட்டுதலின்படி கல்லூரிகளில் ஐக்யூஏசி எனப்படும் உள் தர உறுதிப் பிரிவு இயங்குகிறது. அமெரிக்காவில் நிறுவன ஆய்வாளர் செய்யும் வேலையில் ஒரு பகுதியை இங்கே இந்தப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் செய்கிறார். பெரும்பாலும் அவர் ஒரு பேராசிரியர். வகுப்பும் எடுத்து, விடைத்தாளும் திருத்தி, இதையும் பார்க்க வேண்டும். நாக் குழு வருகிறது என்றால் மட்டும் கோப்புகள் தூசு தட்டப்படும்.

2010-11 முதல் ஒன்றிய அரசு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பை நடத்துகிறது. அதில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் எண்ணிக்கை தனித்தனியே கிடைக்கிறது. ஆனால் வெளியாகும் அறிக்கை அந்தந்த ஆண்டில் கல்லூரிக்குள் இருப்பவர்களை எண்ணுகிறது. 2020இல் சேர்ந்த ஓர் அணியைப் பின்தொடர்ந்து போய், அவர்களில் எத்தனை பேர் 2023இல் பட்டம் வாங்கினார்கள் என்று அது சொல்வதில்லை. நிற்பவர் தெரிகிறார், நின்றுபோனவர் தெரிவதில்லை.

2016 முதல் வெளியாகும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் ஐந்து அளவுகோல்கள் உண்டு. 'வீச்சும் உள்ளடக்கமும்' என்ற அளவுகோலுக்குப் பொதுவாக 10 விழுக்காடு எடை. அதற்குள்ளும் சமூகத்தாலும் பொருளாதாரத்தாலும் பின்தங்கியோர் ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள். கல்விக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்பட்ட மாணவர் எத்தனை விழுக்காடு என்பதே அதன் அளவீடு. சாதியால் நேரும் விலக்கம் அந்தக் கட்டத்தில் தனியாகப் புலப்படாது.

2023 டிசம்பரில் ஒன்றிய அரசு மக்களவையில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து ஐந்தாண்டில் இடைநின்ற பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். இவர்களில் பட்டியல் சாதியினர் மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2,424, ஐஐடிகளில் 1,068, ஐஐஎம்களில் 188. மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருப்பதால் அவர்களாகவே வேறு நிறுவனங்களுக்கும் படிப்புகளுக்கும் மாறிக்கொள்கிறார்கள் என்பது அரசின் விளக்கம்.

அந்த எண்ணை நாம் மேடைகளில் பலமுறை முழங்கியிருக்கிறோம். முழங்கியது சரிதான். ஆனால் கேட்க வேண்டியவற்றை முழுதாகக் கேட்டோமா? எத்தனை பேர் சேர்ந்ததில் இத்தனை பேர்? இளநிலையிலா, முதுநிலையிலா, ஆராய்ச்சிப் படிப்பிலா? எந்தப் பருவத்தில் போனார்கள்? பொதுப்பிரிவில் எத்தனை விழுக்காடு போனார்கள்? போகும்போது யாராவது ஏன் என்று கேட்டார்களா? நல்ல வேலை கிடைத்துப் போனவரும் அவமானம் தாங்காமல் போனவரும் ஒரே எண்ணுக்குள் கிடக்கிறார்கள். ரோகித் வெமுலாவை நாம் 2016 ஜனவரியில் இழந்தோம். அவருக்கு முன்னும் பின்னும் இழந்தவர்கள் உண்டு. உயிரை விடாமல் படிப்பை மட்டும் விட்டுப் போனவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. 'அவர்களாகவே போனார்கள்' என்ற விளக்கத்தை மறுக்க வேண்டுமென்றால் இந்தக் கேள்விகளுக்கான விடைகள் நம் கையில் இருக்க வேண்டும்.

கடல் கடந்தாலும் கதை இதுவே. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. தலித் மாணவர்களும் தோழமை அமைப்புகளும் போராடிப் பெற்ற வெற்றி அது. ஆனால் அமெரிக்க அரசின் கல்லூரிக் கணக்குப் படிவத்தில் சாதி என்ற கட்டம் கிடையாது. விசாவில் போகும் தலித் மாணவர் 'அயல்நாட்டவர்' கட்டத்தில் போவார். அங்கேயே பிறந்தவர் 'ஆசியர்' ஆவார். தடுக்கப்பட்ட குற்றம் அது, ஆனால் எண்ணப்படாத குற்றம்.

எண்ணுவதும் நிலையானது அல்ல. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே எம்ஐடி தன் கணக்கை வெளியிட்டது. முந்தைய சில ஆண்டுகளில் 13 விழுக்காட்டை ஒட்டியிருந்த கறுப்பினப் புதுமாணவர் பங்கு 5 விழுக்காடாகச் சரிந்திருந்தது. எண்ணியதால்தான் சரிவு தெரிந்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் ஊழியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைக்கப்பட்டார்கள். உரிமையைப் பறிப்பவர்கள், பறித்தது தெரியாமலிருக்க எண்ணுவதையும் நிறுத்தக்கூடும் என்ற எச்சரிக்கை இதில் நமக்கு இருக்கிறது.

எண் வெளியே, பெயர் உள்ளே

சாதி வாரியாகக் கணக்குக் கேட்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு வகுப்பில் நம் மாணவர் இருவர்தான் என்றால், 'பட்டியல் சாதியினரில் ஒருவர் தோல்வி' என்று வெளியிடுவது அந்த மாணவரைக் கைநீட்டிக் காட்டுவதற்குச் சமம். அமெரிக்காவில் 1974 முதல் மாணவர் பதிவேடுகளைக் காக்கும் சட்டம் இருக்கிறது. எண்ணிக்கை மிகச் சிறிதாக இருந்தால் அந்தக் கட்டத்தை மறைத்தே வெளியிடுவது அங்கே நிறுவன ஆய்வாளர்களின் வழக்கம். தாங்கள் தரும் கணக்கு மனிதர்களைப் பாதிக்கும், தரவுக்கு உரியவர்களுக்கு உரிமை உண்டு என்பதை அவர்களுடைய சங்கத்தின் அறநெறிக் கூற்றும் ஏற்கிறது.

நம் கல்லூரிகளில் நடப்பது தலைகீழ். உதவித்தொகைப் பட்டியல் என்று பெயரும் சாதியும் சேர்த்துப் பலகையில் ஒட்டுகிறார்கள், வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். 'சாதி வாரியாக எத்தனை பேர் இடைநின்றார்கள்?' என்று கேட்டால் மட்டும் 'அது ரகசியம்' என்கிறார்கள். ஆளைக் காட்டிக் கொடுத்து அமைப்பை மறைக்கிறார்கள். எண்கள் வெளியே வர வேண்டும், பெயர்கள் உள்ளே இருக்க வேண்டும். சிறு எண்ணிக்கையாக இருந்தால் பல ஆண்டுகளையோ பல துறைகளையோ சேர்த்து வெளியிடலாம்.

நாம் செய்யக்கூடியவை

மாணவத் தோழர்களுக்கு முதல் வேலை, தங்கள் துறையில் ஓர் அணியை எடுத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் கணக்குப் போடுவது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் அரியரோடு நிற்கிறார்கள், உதவித்தொகை எந்த மாதம் வந்தது, எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், கூடுதலாக இரண்டாண்டு எடுத்து முடித்தவர் எத்தனை பேர். இவ்வளவும் சமூக வாரியாக. பெயர் வேண்டாம்.

இரண்டாவது, அரசுக் கல்லூரிகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இதையே கேட்பது. 'இடைநின்றவர் எத்தனை பேர்?' என்று மட்டும் கேட்டால் ஓர் எண்ணை எழுதி அனுப்பிவிடுவார்கள். '2020-21இல் சேர்ந்தவர்களில்' என்று தொடங்கிக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும்.

மூன்றாவது, ஐக்யூஏசி குழுவில் மாணவர் ஒருவருக்கும் முன்னாள் மாணவர் ஒருவருக்கும் இடம் தர நாக் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரியுங்கள். பல இடங்களில் அது கையெழுத்துக்கான இடமாகவே இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

நான்காவது, தர மேம்பாடு, தரவு என்ற பெயரில் நடக்கும் கருத்தரங்குகளை நாம் சீந்துவதில்லை. அழைப்பிதழ் வந்தாலும் 'இது நாக் வேலை' என்று ஒதுக்கிவிடுகிறோம். இனி போக வேண்டும். நம் பேராசிரியர்கள் அங்கே இடைநிற்றல் பற்றிக் கட்டுரை படிக்க வேண்டும். புள்ளியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும்.

ஐந்தாவது, எழுத்தாளர்களுக்கான வேண்டுகோள். எண்ணால் 'எத்தனை பேர்' என்று சொல்ல முடியும், 'ஏன்' என்று சொல்ல முடியாது. விடுதியில் யாரும் பக்கத்தில் உட்காராத சாப்பாட்டு மேசையையும், வழிகாட்டி கிடைக்காமல் ஓராண்டு அலைந்த ஆய்வு மாணவரையும் எந்தப் படிவமும் பதியாது. படிப்பை விட்டுப் போனவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதுங்கள். அந்த எழுத்தும் நாம் போடும் கணக்கும் ஒரே தொகுப்பில் வரட்டும்.

அடுத்த ஆண்டு இந்த அரங்கில் கூடும்போது, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒரு கல்லூரியின் ஓர் அணியைப் பற்றிய ஒரு பக்கக் கணக்காவது நம் கைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதை வைத்து அடுத்த உரையைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.